உடைந்த காப்பும் ஓவசியர் நேக் சந்தும்

(யாழ்ப்பாணத்தில் ஓவிய, சிற்ப மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யாரிடமும் பயிலாமல் சிற்பியானவர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஒரு பஞ்சாபியர். பெயர் நேக் சந்த். சண்டிகர் நகரத்தின் பொதுவேலைத் திணைக்களத்தில் வீதிப் பரிசோதகராக இருந்தவர். நாங்கள் ஓவசியர் என்று சொல்வோமே, அந்த உத்தியோகம். பகல் முழுவதும் தெருப் போடும் வேலையை மேற்பார்த்துவிட்டு, பொழுதுபட்ட பிறகு காட்டுக்குள் போய்ச் சிலை செய்தார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், ஊருக்கும் திணைக்களத்துக்கும் சொல்லாமலே செய்தார்.

இவ்வளவு தொலைவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உங்கள் முன் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், கழிவுப் பொருளில் கலை செய்தவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சுற்றாடல் பாடப் புத்தகத்துக்கு அந்த வசனம் போதும். சிற்பத்தைப் புரிந்துகொள்ள அது போதாது. அவர் பொறுக்கியவற்றில் பெரும்பங்கு இடிக்கப்பட்ட வீடுகளின் சாமான். யாரோ தேத்தண்ணீர் குடித்த கோப்பை, யாரோ கையில் போட்டிருந்த காப்பு, யாரோ வீட்டுச் சுவரில் இருந்த மின் பொருத்து. வீடிழந்த ஒருவர், வீடிழந்த வேறு மனிதர்களின் பொருளை எடுத்து, ஒரு சனக்கூட்டத்தை உண்டாக்கினார். இதுதான் அவருடைய படைப்பின் கரு என்பது என் வாசிப்பு. அதனால்தான் அந்தச் சிலைகளின் முன்னால் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் போய் நின்றால், மற்றவர் கண்ணுக்குத் தப்புகிற ஒன்று அவர் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

நேக் சந்த் 1924 டிசெம்பர் 15ஆம் திகதி, பிரிக்கப்படாத பஞ்சாபின் ஷகர்கட் பகுதியில், பேரியான் கலான் என்ற சிற்றூரில் கமக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. சிறுவயதில் ஓடைக்கரையில் கல் பொறுக்குவதும், ஈரக் களிமண்ணில் ஆளும் மிருகமும் பிடிப்பதும், திருவிழாச் சந்தை கலைந்த பிறகு நிலத்தில் கிடக்கும் உடைந்த காப்புத் துண்டுகளைச் சேர்ப்பதும் அவருக்கு விளையாட்டு. அரசரும் தேவதைகளும் வருகிற கதைகளைத் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தார். அவருடைய கலைக்கல்வி என்று சொல்லத்தக்கது இவ்வளவுதான். ஆனால் இதைச் சிறிது என்று நான் எண்ணவில்லை. பிற்காலத்தில் அவர் செய்த அத்தனையும் இந்த மூன்றுக்குள் அடங்கும்: ஓடைக்கல், காப்புத்துண்டு, தாயின் கதை.

1947இல் நாடு இரண்டாகப் பிளந்தது. எல்லைக்கோடு அவர்களுடைய ஊரை மறுபக்கத்தில் விட்டது. குடும்பம் வீட்டையும் வயலையும் விட்டுப் பல நாட்கள் நடந்து இந்தியாவுக்குள் வந்தது. அந்த நடை எப்படி இருந்திருக்கும் என்று இந்த அவைக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், ஊரை விட்டு, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

பஞ்சாப் பிளந்தபோது அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. புதிதாக ஒன்றைக் கட்டுவது என்று நேருவின் அரசு முடிவெடுத்தது. 1951 தொடக்கம் அதை வடிவமைத்தவர், சுவிற்சர்லாந்தில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த லெ கோர்பூசியே. நேர்கோட்டுத் தெருக்கள், இலக்கமிட்ட பிரிவுகள், மெருகிடாத கொங்கிரீட்டில் பெருங் கட்டடங்கள். பழமையின் கட்டு எதுவும் இல்லாத நகரமாக அது இருக்கவேண்டும் என்று நேரு விரும்பினார். ஆனால் வெறும் நிலம் என்று உலகில் எங்கும் ஒன்று இருந்ததில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஊர்கள் இருந்தன. கமம் செய்து வாழ்ந்த சிற்றூர்கள் பலவற்றின் நிலம் எடுக்கப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன, சனம் எழுப்பப்பட்டது. நாடு பிளந்து அலைந்தவர்களின் மாநிலத்துக்கு ஒரு தலைநகரம் கட்ட, எங்கும் அலையாதிருந்தவர்களை அலைய வைத்தார்கள்.

இந்த நகரத்துக்குத்தான் 1950களின் தொடக்கத்தில் நேக் சந்த் ஓவசியராக வந்து சேர்ந்தார். இடிபாட்டின் மேல் தெருப் போடுகிற வேலை. ஊர்களை அழிக்கும் பொறியின் மிகச் சிறிய பற்சக்கரமாக அவர் இருந்தார் என்பதையும் மறைக்கக்கூடாது. சம்பளம் அந்த வேலையில்தான் வந்தது. அவருடைய படைப்பில் இருக்கிற கனத்துக்கு இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தள்ளி நின்று பரிதாபப்பட்ட கலைஞர் அல்லர் அவர். பகலில் எதன்மேல் தார் ஊற்றினாரோ அதையே இரவில் பொறுக்கி எடுத்தார்.

லெ கோர்பூசியே அந்த நகரத்துக்கென்று ஒரு சாசனமும் எழுதினார். நகரத்திலும் அதன் பூங்காக்களிலும் தனிமனிதருக்குச் சிலை வைக்கக்கூடாது என்பது அதில் ஒரு விதி. அதைச் சிலைக்கு எதிரான விதி என்று நான் கொள்ளவில்லை; சந்திக்குச் சந்தி தலைவர்களை நிறுத்தி வைக்கும் வழக்கத்துக்கு எதிரானது, நல்ல விதிதான். நேக் சந்த் அந்தச் சாசனத்தை வாசித்தாரா என்பது எனக்குப் பொருட்டல்ல. அவர் செய்த ஆயிரக்கணக்கான உருவங்களில் ஒன்றுக்காவது பெயர் இல்லை. தலைவர் இல்லை, தளபதி இல்லை. தண்ணீர் சுமக்கிற பெண், மேளம் அடிக்கிறவன், சும்மா நிற்கிறவன், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவள். நகரத்தின் விதி மேல்மட்டத்தில் எதை விலக்கியதோ அதை அவரும் விலக்கினார். நகரம் எவரை எழுப்பி அனுப்பியதோ அவர்களை மாத்திரம் உள்ளே அழைத்துக்கொண்டார்.

இனி வேலை நடந்த விதம். நகரத்தின் வடக்கு ஓரத்தில், சுக்னா ஏரிக்கு அருகே, பள்ளமும் பற்றையுமான ஒரு காட்டு நிலம். அரசுக்குச் சொந்தமானது. அங்கே எதையும் கட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. பொதுவேலைத் திணைக்களத்தின் களஞ்சியத்தை அண்டி, 1950களின் பிற்பகுதியில் நேக் சந்த் ஒரு கொட்டில் போட்டார். வேலை முடிந்து சைக்கிளில் புறப்படுவார். சிவாலிக் மலையடிவாரத்து ஆற்றுப்படுகைகளில் ஆள்போலவும் பறவைபோலவும் தோன்றும் கற்களைத் தேடி எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். இடிந்த ஊர்களிலிருந்து பீங்கான், ஓடு, கண்ணாடி, மின்குமிழ்த் தாங்கி. வார்ப்புப் பட்டறைகளிலிருந்து கசடு. சூளைகளில் உருகிக் கட்டிபட்ட செங்கல். வெற்றுத் தார்ப் பீப்பாய். இரவு வேலைக்கு வெளிச்சம் இல்லாமல் பழைய ரயர்களைக் கொளுத்தினார்.

இந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு சொல். மலைக்கல்லை அதில் ஏற்றினார் என்பதோடு அதன் பங்கு முடியவில்லை. பழைய சைக்கிளின் சட்டத்தையே சிலையின் உள்ளெலும்பாக வைத்தார். இருக்கை மிருகத்தின் தலையாயிற்று. முன் கவர் கால்களாயிற்று. எங்களுக்கு இதில் வியப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டு விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். ஒரு பொருள் எதற்கென்று செய்யப்பட்டதோ அதற்கு மட்டும்தான் உதவும் என்ற எண்ணம் இல்லாமற் போகும்போதுதான் கை சுயமாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. அந்தச் சிந்தனை இங்கே பத்து, பதினைந்து ஆண்டுகள் வீட்டுக்கு வீடு நடந்தது. அது விளக்கோடும் வானொலியோடும் நின்றுவிட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

சிலைகளைக் கிட்ட நின்று பார்ப்போம். உள்ளே கம்பி அல்லது சைக்கிள் சட்டம். அதன்மேல் மணலும் சீமெந்தும் கலந்த உடல். கடைசிப் பூச்சு காய்வதற்கு முன் அதன் ஈரத்தில் பதித்த துண்டுகள். வெள்ளைப் பீங்கானை வைத்தால் மேற்சட்டை. நீலக்கரை போட்ட கோப்பைத் துண்டை வரிசையாக வைத்தால் உடுப்பின் ஓரம். முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. கண் அகலத் திறந்திருக்கும், வாய் சிறியது, கழுத்து நேரானது, கைகள் உடலோடு ஒட்டியவை. தேர்ச்சி போதாமையால் இப்படி அமைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பீங்கானை எங்கே வைப்பது என்பதில் அவ்வளவு நுட்பம் காட்டிய கைக்கு ஒரு மூக்கைச் சற்றுத் திருப்பி வைக்கத் தெரியாமற் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. அவருக்குத் தனி முகம் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது எண்ணிக்கை. ஒரு சரிவு முழுக்க, படிப்படியாக, தேர் பார்க்க வந்த சனம்போல அவர்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். பார்க்கப் போனவர் நாம் என்ற எண்ணம் சிறிது நேரத்தில் மாறிவிடும். அவர்கள்தான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காப்பு அணிந்த பெண் உருவங்கள் இருக்கின்றன. அணிந்த என்று சொல்வது சரியல்ல. கழுத்திலிருந்து கால்வரை உடலே காப்புத் துண்டுகளால் ஆனது. பச்சை, சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை. வெயில் விழுந்தால் துண்டுகள் ஒவ்வொன்றும் தனியே மின்னும். மாலையில் ஒளி சரிந்ததும் எல்லாம் ஒரே மங்கலான நிறத்துக்கு வந்துவிடும். கண்ணாடிக் காப்பு எப்போதெல்லாம் உடைகிறது என்று யோசியுங்கள். வேலை செய்யும்போது உடையும், சண்டையில் உடையும், விளையாட்டில் உடையும், புருசன் செத்தால் உடைக்கப்படும். பஞ்சாபில் 1947இல் எத்தனை பெண்களின் காப்பு உடைந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. இந்த உருவங்களைத் துயரச் சின்னம் என்று நேக் சந்த் எங்கும் விளக்கியதாக நான் அறியேன். அவை துயரமாகவும் தோன்றுவதில்லை. திருவிழாவுக்கு வெளிக்கிட்டவர்கள்போல நிற்கின்றன. ஆனால் கைக்குரிய பொருள், உடைந்த பிறகு உடம்பு முழுவதுக்கும் தோலாகிறது. சந்தை கலைந்த நிலத்தில் குனிந்து பொறுக்கிய சிறுவனுக்கும், ஊர் கலைந்த நிலத்தில் குனிந்து பொறுக்கிய ஓவசியருக்கும் இடையில் கிடக்கும் முப்பது ஆண்டுகளை இந்த ஒரு செய்கையில் அவர் தாண்டிவிடுகிறார். அவருடைய படைப்புகளில் இவையே தலைசிறந்தவை என்பது என் முடிவு.

வாசல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சிலைகள் நிற்கும் முற்றங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிகள் பல இடங்களில் தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் இருக்கின்றன. நிமிர்ந்தபடி போகமுடியாது. குனிந்து நுழைந்து நிமிர்ந்தால் எதிரே வேறோர் உலகம். அளந்து பிரித்த நேர்தெரு நகரத்தின் நடுவில், அடுத்த அடி எங்கே கொண்டுபோகும் என்று தெரியாத ஒரு கிராமத்து ஒழுங்கை. தாழ்வாரம் இறங்கிய பழைய வீடுகளையும் சங்கடப்படலையையும் கண்டு வளர்ந்த எங்கள் முதியவர்களுக்கு அந்தக் குனிவு பழக்கமானது.

இப்படித் தனியாக ஆண்டுக்கணக்காகக் கட்டியவர்கள் உலகில் வேறும் உண்டு. பிரான்ஸில் ஓத்ரீவ் என்ற ஊரில் தபாற்காரராக இருந்த பேர்டினன் செவால், 1879இல் நடைவழியில் காலில் தடுக்கிய ஒரு கல்லில் தொடங்கி, 33 ஆண்டுகள் கல் சேர்த்து ஒரு மாளிகை எழுப்பினார். அவர் இறந்ததும் 1924இல். நேக் சந்த் பிறந்த அதே ஆண்டு. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளி சைமன் ரோடியா 1921 தொடக்கம் 1954 வரை இரும்புக் கம்பியும் சீமெந்தும் உடைந்த ஓடும் போத்தலும் கொண்டு கோபுரங்கள் கட்டினார். மிக உயர்ந்தது ஏறத்தாழ 30 மீற்றர். பாதுகாப்பு இல்லை, இடிக்கவேண்டும் என்று நகரசபை சொன்னது. 1959இல் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். கோபுரம் அசையவில்லை, இழுத்த இயந்திரந்தான் தோற்றது. மூவரும் சம்பளத்துக்கு உடல் உழைத்தவர்கள், மூவரும் சீமெந்தை நம்பியவர்கள். ஆனால் செவால் கட்டியது மாளிகை, ரோடியா கட்டியது கோபுரம். இரண்டிலும் குடியிருக்க ஆட்கள் இல்லை. நேக் சந்துக்கு முதலில் வேண்டியிருந்தது ஆட்கள்தான். ஊர் என்பது கட்டடம் அன்று என்பதை ஊரை இழந்தவர் அறிந்திருந்தார்.

சுயமாகக் கற்றவர் என்ற சொல்லை நாங்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். ஒன்று இரக்கத்தோடு: பாவம், படிக்காமலே இவ்வளவு செய்திருக்கிறார். மற்றது மயக்கத்தோடு: படிக்காததால்தான் இவ்வளவு தூய்மை. இரண்டும் பிழை என்பேன். நேக் சந்த் படித்தவர்தான். சல்லியும் மணலும் சீமெந்தும் எந்த அளவில் சேர்ந்தால் வெடிக்காது, நீர் எந்தப் பக்கம் ஓடும், சரிவை எப்படித் தாங்குவது, சுவரின் முதுகில் மண் எவ்வளவு பாரம் தரும், இவையெல்லாம் அவருக்குத் தொழிலில் வந்த அறிவு. பின்னாளில் பூங்காவான அந்த இடத்தின் நீர்வீழ்ச்சிகளையும் ஓடைகளையும் பார்த்தால் ஒரு தெரு ஓவசியரின் கைவண்ணம் தெளிவாகத் தெரியும். நுண்கலைக் கல்லூரி தராத ஒன்றைத் திணைக்களம் தந்தது. திணைக்களம் தராத ஒன்றைத் தாய் தந்திருந்தார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் நடுப்பகுதியில் அந்த இடம் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. அதற்குள் 12 ஏக்கர் அளவில் முற்றங்களும் நூற்றுக்கணக்கான உருவங்களும் நிரம்பியிருந்தன. சட்டப்படி அது அத்துமீறல், இடித்திருக்கலாம். நகர நிர்வாகத்தில் சிலர் அதன் மதிப்பை உணர்ந்தார்கள். சனமும் கூட்டங்கூட்டமாகப் பார்க்க வந்துவிட்டது. 1976இல் கற்பூங்கா என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நேக் சந்தை அந்த வேலைக்கே சம்பளத்தோடு நியமித்து, ஐம்பது தொழிலாளரையும் கொடுத்தார்கள். 1983இல் பூங்கா இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 1980களில் வொஷிங்டனில் இருந்த சிறுவர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு சிலைத்தோட்டம் செய்து கொடுத்தார். அந்த அருங்காட்சியகம் இடம் மாறியபோது சிலைகள் அங்கிருந்து அகற்றப்பட்டன. அவருடைய சிலைகளுக்கும் இடப்பெயர்வு நேர்ந்தது.

அரசு ஏற்றுக்கொண்டபின் பாதுகாப்பு உறுதியாகிவிட்டதா என்றால், இல்லை. 1980களின் முடிவில், உயர்நீதிமன்றத்துக்குப் போகும் வசதிக்காகப் பூங்காவின் ஒரு பகுதியை இடிக்க முயன்றபோது, ஊர்ச்சனம் கைகோத்து மறித்து நின்றது; வழக்கும் அவர்கள் பக்கம் தீர்ந்தது. 1996இல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் பணியாளர்கள் விலக்கப்பட்டு, சிலைகள் பல உடைத்து நாசமாக்கப்பட்டன. மறு வருடம் அவருடைய பெயரில் ஓர் அறக்கட்டளை தோன்றியதும், வெளிநாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்து திருத்த வேலையில் கைகொடுத்ததும் அதன் தொடர்ச்சிதான். 2015 ஜூன் 12ஆம் திகதி, தொண்ணூறாவது வயதில், சண்டிகரிலேயே காலமானார்.

பூங்கா முழுவதும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். கடைசியாகக் கட்டிய பகுதியில் பெரிய வளைவுகளும் ஊஞ்சல்களும் மீன்தொட்டிகளும் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே மகிழ்ச்சியாக ஆடுகிறார்கள், அதுவும் நல்லதே. ஆனால் இரவில் ரயர் வெளிச்சத்தில் ஒற்றையாளாகச் செய்த உருவங்களில் இருக்கிற அழுத்தம் அங்கே இல்லை. ஐம்பது பேர் செய்தால் அளவு வரும். முதற்பகுதியில் ஒவ்வொரு துண்டையும் எடுத்த கையே வைத்த கையும். பார்க்கப் போகிறவர்கள் தொடக்கத்து முற்றங்களில் ஆறுதலாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி எங்களுடைய நிலத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. கருங்கல் இங்கே விளையாது. கோயிலுக்குக் கருங்கல் விக்கிரகம் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே எங்கள் சிற்பத் திறன் மரத்திலும் சுதையிலும் வளர்ந்தது: தேர், வாகனம், கோபுரத்துப் பொம்மை. அதற்கு அப்பால் யாரும் சிற்பம் என்று எண்ணாத ஒரு பரப்பும் இருந்தது. வீட்டு முகப்பில் கட்டிய ஆண்டைச் சீமெந்தில் எழுப்பி, சுற்றிலும் கொடி ஓடவிட்ட மேசன்மார்; மதில் தூணின் தலையில் தாமரையும் சிங்கமும் வைத்தவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கலை வரலாற்றிலும் இல்லை. நேக் சந்தின் உண்மையான இனத்தவர் அவர்களே. போரில் அந்த முகப்புகளும் தூண்களுந்தான் முதலில் விழுந்தன.

எங்கள் கலைஞர்கள் இடிபாட்டை எண்ணாமல் இருந்தார்கள் என்று சொன்னால் அநியாயம். ஓவியர் மாற்கு மாஸ்டர் இடப்பெயர்வில் தம் படைப்புகளிற் பெரும்பகுதியை இழந்த பின்னும் ஓயாதவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன், போர்நிறுத்தக் காலத்தில் பொது நூலகத்தில் வைத்த காட்சியில், சனங்களின் வீடுகளிலிருந்து சேர்த்த எஞ்சிய பொருட்களைப் போத்தல்களில் இட்டு வைத்தார். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய வீட்டை நினைவிலிருந்து வரைந்த படங்களை வைத்து, 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற நூலை உருவாக்கினார். இவை பெரிய பணிகள். ஆனால் பயின்ற கலைஞர்களுடைய பணிகள். வீடிழந்த மேசனுக்கும் கமக்காரனுக்கும் தச்சனுக்கும் அவர்களுடைய இடிபாட்டைத் தொட்டு ஒன்று செய்ய நாங்கள் ஒரு முழ நிலமும் விட்டு வைக்கவில்லை. 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த வலிகாமம் வடக்கின் காணிகள் போருக்குப் பிறகு பகுதி பகுதியாக விடப்பட்டபோது, திரும்பிப் போன பலர் கண்டது அத்திவாரமும் பற்றையும்தான். பிறகு கல்வீடு எழுப்பினார்கள், எழுப்பத்தான் வேண்டும். எஞ்சியிருந்த ஓட்டுத் துண்டும் நிலத்துப் பூக்கல்லும் கிணற்றடிப் பீங்கானும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி, பள்ளம் நிரப்பப் போயின. கையால் செய்த நினைவுக்கு இங்கே எவ்வளவு பாதுகாப்பு உண்டு என்பதையும் அறிவோம்: பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்த பிறகே மீண்டும் கட்டப்பட்டது.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒக்டோபர் 30 என்றதும் எங்கள் நினைவுக்கு வருவது 1995. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990இன் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் எங்களிடையே ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள். அவர்கள் வாழ்ந்த சோனகதெருவின் வீடுகள் பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. ஓடும் நிலையும் கதவும் கழன்று போயின. அந்தக் கதவுகள் இந்த ஊரிலேயே வேறு வீடுகளில் மாட்டப்பட்டன என்பது இங்கே பலருக்குத் தெரியும். பாகிஸ்தானுக்குள் அகப்பட்ட ஊரிலிருந்து வந்த நேக் சந்த், தனக்கு எந்த உறவும் இல்லாத சிற்றூர்க்காரரின் கோப்பையை எடுத்துச் சிலைக்குத் தோலாக்கியதை நான் இவ்வளவு நேரம் வலியுறுத்தியது இதற்காகத்தான். அவர் தன் வீட்டின் ஓட்டை வைத்துத் தன் துயரத்தைக் கட்டவில்லை. தன் வீட்டின் ஓடு அவருக்குக் கிடைக்கவும் வழியில்லை. கையில் கிடைத்தது பிறருடைய இழப்பு. அதை அவர் தன்னுடையதைப்போல நடத்தினார். ஆனால் அவர் கேட்டு எடுக்கவில்லை. கேட்பதற்கு அந்த ஊர்க்காரர் எவரும் அவ்விடத்தில் இருக்கவில்லை.

எங்களால் கேட்க முடியும். ஆகவே, இங்கே வந்திருக்கிற நுண்கலை மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வலிகாமம் வடக்கிலும் சோனகதெருவிலும் இன்னும் நிற்கிற இடிசுவர்களுக்கு, புல்டோசர் போவதற்கு முன் நீங்கள் போங்கள். ஊரிலுள்ள வயதான மேசன் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். எந்தத் துண்டு எந்தக் காலத்து வேலை என்று அவர் சொல்வார், உங்களுக்குச் சாந்து குழைக்கவும் பழக்குவார். சோனகதெருவின் சொந்தக்காரர்களில் திரும்பி வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வராதவர்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இருக்கிறார்கள். துண்டைத் தொடுவதற்கு முன் அவர்களிடம் போங்கள். அது எந்த அறையின் தரை, யார் வாங்கிய கோப்பை என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் எடுக்காதீர்கள். தந்தால், சிலையை எங்கே நிறுத்துவது என்பதையும் அவர்களையே கேளுங்கள்.